ஒன்பதாம் பாடம் இல்லாத புத்தகம்

நாம் செய்த உதவிக்குள்ளேயே நாம் செய்த தீங்கும் இருந்துவிட்டால், உதவி பெற்றவர் சொல்லும் நன்றியை என்ன செய்வது? வாங்கி வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா? தத்துவம் படித்தவர்கள் நோக்கத்தை ஒரு தட்டிலும் விளைவை ஒரு தட்டிலும் வைத்துத் தராசு பிடிப்பார்கள். முந்திரிக்குத் தராசு பிடித்துப் பழக்கமில்லை. பதினான்கு வருடமாக அவள் பிடித்தது ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தை.

ஆம்புலன்ஸ் நிலையத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு குதிப்பாள். அதனால் முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தார்கள். நாளாக ஆக கொட்டை உதிர்ந்து முந்திரி மட்டும் நின்றது. அவளுக்கு அதில் வருத்தமில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான். அடிபட்டவர் பக்கத்தில் முதலில் போய் நிற்பவள் தான் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான சான்றிதழ் வேறு என்ன இருக்கிறது?

ஆனால் அலுவலகத்துக்கு அந்தச் சான்றிதழ் போதவில்லை. வண்டியில் ஏறுகிற எல்லோரும், ஓட்டுநர் உட்பட, அவசர மருத்துவ உதவியாளர் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று புது விதி வந்தது. வருடக் கடைசிக்குள் தேறாதவர்கள் வண்டியை விட்டு இறங்கி, துணி துவைக்கும் இடத்துக்கோ கிடங்குக்கோ போக வேண்டும். முந்திரி வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு நாள் மழை என்று விட்டுவிட்டார்கள். மற்றதெல்லாம் தெருவில் கற்றது. நாற்பத்தாறு வயதில் அவள் கையில் பென்சில் வந்து உட்கார்ந்தது.

புத்தகத்தைத் தயார் செய்து கொடுத்தவர் ஜெராக்ஸ் கடைக்காரர். தேர்வுக்கான பயிற்சிப் புத்தகம் நிலையத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தேவைப்படுகிறவர்கள் அதை அவர் கடைக்கு எடுத்துப்போய் நகல் எடுத்து, சுருள் கம்பி போட்டு வாங்கிக்கொள்வார்கள். புது விதி வருவதற்கு முன்பிருந்தே, இரண்டு வருடமாக இது நடந்துகொண்டிருந்தது. மொத்தம் ஆயிரத்து இருநூறு கேள்விகள். கேள்விக்கு நான்கு விடைகள்; பாடத்தின் கடைசியில் சரியான விடையும் அதற்கான விளக்கமும்.

ஜெராக்ஸ் கடைக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் முன்பு விளம்பரப் பலகை எழுதுகிறவர். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு பல் மருத்துவமனையின் பலகையை எழுதிக்கொண்டிருந்தபோது ஏணி சறுக்கி, இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தார். போனவள் முந்திரி. சந்து குறுகல், ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவரை உட்கார வைத்து, பின்னாலிருந்து அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினாள். அப்போதிருந்த ஓட்டுநர் கால்களைப் பிடித்துக்கொண்டார். சந்தைத் தாண்டி வண்டியில் போட்டு, ஒன்பது நிமிடத்தில் மருத்துவமனை. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் மருத்துவர். உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே மட்டும் எதுவும் திரும்பி வரவில்லை. விழுந்த வேகத்துக்கு அவ்வளவாவது மிஞ்சியதே என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் சொன்னார்.

அந்தக் கதையை முந்திரி நிலையத்தில் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்காமல் முதல் வாரத்தைத் தாண்ட முடியாது. அதில் எல்லோரும் சிரிக்கிற இடம் ஒன்று உண்டு. "ரெண்டு மாடி உயரத்துலேருந்து விழுந்த மனுசன், நான் போய் நிக்கிறேன், என்ன பண்றார்னு நினைக்கிறீங்க? காலால தரையைத் தடவிக்கிட்டு செருப்பைத் தேடுறார். ‘ஒத்தச் செருப்பைக் காணோம்மா, நேத்துதான் வாங்கினேன்’ங்கிறார்." சொல்லும்போது தன் காலையும் நீட்டித் தரையைத் தடவிக் காட்டுவாள். கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கடைக்காரர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். கடை அவள் வீட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. அவள் தாண்டிப் போகும்போதெல்லாம் சக்கர நாற்காலியிலிருந்தபடியே இரண்டு கையையும் கூப்புவார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. நன்றியும் பழகிப்போகிற பண்டம்தான்.

படிக்கத் தொடங்கிய புதிதில் வீட்டில் கணவர்தான் கேள்வி கேட்டார். அவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். நான்கு விடைகளைப் படித்து முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். "நாலுல ஒண்ணுதானே, ஏதோ ஒண்ணைக் குத்து. டயருக்குப் பத்து போல்ட்டு, நான் எதை முதல்ல கழட்டணும்னு யார்கிட்ட கேக்கறேன்?" என்பார். இது சரிப்பட்டு வராது என்று முந்திரி புத்தகத்தைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு வேலை முடிவது மதியம் இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் கடையில் கூட்டம் இருக்காது. கடைக்காரர் கேள்வியைப் படிப்பார். அவள் கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றி நின்று விடை சொல்வாள்.

முதல் மாதம் நூற்றுக்கு நாற்பத்தொன்று.

"நாலுமே சரிதாண்ணே. நாலையும் நான் செஞ்சிருக்கேன்."

"முதல்ல எதுன்னு கேக்கறான், தங்கச்சி."

"முதல்ல எது கைக்கு வருதோ அது."

"அப்படி ஒரு விடை இதுல போடல. அ, ஆ, இ, ஈ, அவ்வளவுதான்."

"இதை எழுதினவன் ஒரு நாள் என் வண்டியில வரட்டும்."

"வரமாட்டான். அவனுக்குத் தெரியும், வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே நீ கதவைத் திறப்பேன்னு."

இப்படி நான்கு மாதம். அவளை அறியாமலே புத்தகம் அவளை மாற்றிக்கொண்டிருந்தது. இறங்குவதற்கு முன் இடம் பத்திரமா என்று பார்க்கத் தொடங்கினாள். கையுறை போட்ட பிறகே தொட்டாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுச் செய்தாள். இத்தனை வருடம் தெரிந்த வேலைதான் என்று நினைத்திருந்ததில் எவ்வளவு வெறும் துணிச்சல் என்பது மெல்லப் புரிந்தது. புரிந்ததில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. மதிப்பெண் எழுபத்தெட்டுக்கு வந்தது. தேறுவதற்கு எழுபது போதும்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. நிலையத்தின் முற்றத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஓட்டுநர், அவரும் அதே தேர்வை எழுதப் போகிறவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார்.

"அக்கா, ஒன்பதாம் பாடத்துல பதினேழாவது கேள்விக்கு என்ன போட்டீங்க? எனக்கு அது மட்டும் ஏறவே மாட்டேங்குது."

முந்திரி தன் புத்தகத்தைப் புரட்டினாள். எட்டாம் பாடம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் முடிந்தது. அடுத்த பக்கம் நூற்று இருபத்தொன்று, பத்தாம் பாடம். நான்கு மாதமாக அதே புத்தகத்தைக் கையில் வைத்திருந்தும் பக்க எண்ணை அவள் பார்த்ததில்லை. யார்தான் பார்க்கிறார்கள்?

"மெஷின் நாலு தாளை முழுங்கியிருக்கும்" என்றாள்.

"இந்தாங்க, என்னோடதைப் பாருங்க."

ஒன்பதாம் பாடம் முதுகெலும்புக் காயங்கள். பதினேழாவது கேள்வி இப்படி இருந்தது: உயரத்திலிருந்து விழுந்த ஒருவர். நினைவு இருக்கிறது, தெளிவாகப் பேசுகிறார், கால்களை அசைக்கிறார். முதலில் செய்ய வேண்டியது எது? அ: அவரை உட்கார வைத்து வலி எங்கே என்று கேட்பது. ஆ: அக்குளில் பிடித்துத் தூக்கி விரைவாக வண்டிக்குக் கொண்டுபோவது. இ: தலையையும் கழுத்தையும் அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொள்வது. ஈ: தண்ணீர் கொடுப்பது.

அவள் கை பாடத்தின் கடைசிக்குப் போனது. விடை இ. விளக்கம் நான்கு வரி. கால்கள் அசைகின்றன என்றால் தண்டுவடம் அந்த நேரம்வரை பிழைத்திருக்கிறது. எலும்பு உடைந்திருந்தால், அவரை உட்கார வைப்பதோ தூக்குவதோ அதை அறுத்துவிடக்கூடும். அ, ஆ இரண்டும் நிரந்தரச் செயலிழப்பை உண்டாக்கலாம்.

காலால் தரையைத் தடவிச் செருப்பைத் தேடிய மனிதர்.

ஓட்டுநர் காத்துக்கொண்டு நின்றார். "என்னக்கா, ஆ தானே? வேகமாத்தானே போகணும்?"

"இ" என்றாள் முந்திரி. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழுவி முடித்த வண்டியின் பின்கதவை மறுபடியும் கழுவத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் தன் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாள். பொருளடக்கத்தில் எட்டுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. இயந்திரம் தாளை முழுங்கும், ஒரு வரியை மட்டும் பொறுக்கி எடுத்து முழுங்காது. நகல் எடுக்கும்போது அந்த வரியின் மேல் யாரோ ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை வைத்து மறைத்திருக்கிறார்கள். துண்டின் ஓரம்கூட மெல்லிய சாம்பல் கோடாக விழுந்திருந்தது. அந்த வேலை தெரிந்தவர் அந்தத் தெருவில் ஒருவர்தான்.

ஒன்பது நாள் அவள் கடைப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குச் சுற்று வழியில் போனாள். இடையில் ஒருமுறை, மருத்துவமனையில் நோயாளியை ஒப்படைத்துவிட்டு வரும்போது, தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவரிடம் வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டாள். அவர் படியில் இறங்கிக்கொண்டே சொன்னார். "விழுந்தப்பவே பாதி அறுந்திருக்கலாம், தூக்கும்போது மீதி போயிருக்கலாம். வீக்கத்துலயே கூடப் போயிருக்கலாம். இத்தனை வருஷம் கழிச்சு யாரால சொல்ல முடியும்? ஆமா, உள்ள ரத்தம் கசிஞ்சுதுன்னா வேகமா கொண்டு வந்ததும் சரிதானே."

நல்ல மனதோடு சொன்ன பதில். ஆனால் அது அவளை விடுவிக்கவும் இல்லை, குற்றவாளி என்று சொல்லி முடித்துவைக்கவும் இல்லை. தலையைப் பிடிக்க ஒருவர், முதுகுக்கடியில் பலகையைச் செருக ஒருவர் என்று செய்திருந்தால் இன்னும் நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அந்த நான்கு நிமிடம் அவரிடம் இருந்தது. அவளிடம் இல்லாமல் போனது நேரமல்ல. அவளுக்குத் தெரியாது என்பதே அவளுக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாமல் செய்தது பிழையாகுமா என்று கேட்டால் ஆகாது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அப்படியானால் அதைப் பெருமையாக நூறு தடவை சொன்னது?

பத்தாம் நாள் கணவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "ஜெராக்ஸ்காரர் வழியில நிறுத்திக் கேட்டாரு. புத்தகத்துல சந்தேகம் ஏதாவது இருந்தா வரச் சொன்னாரு. நீ என்ன, மனுசன்கிட்ட சண்டை கிண்டை போட்டியா?"

"சண்டை எதுக்கு?"

"அதானே. நீ ஆம்பளையா இருந்தா உனக்குக் கோயில் கட்டுவேன்னு சொல்ற ஆளு. பொம்பளைங்கிறதால தங்கச்சியோட நிறுத்திக்கிட்டாரு."

அவர் சிரித்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த நாள் மதியம் போனாள். கடைக்காரர் கை கூப்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். இயந்திரத்தின் மூடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"அண்ணே, இதுல நாலு தாள் இல்ல."

"மெஷின் மென்னுருக்கும். பழைய மெஷின்."

"பொருளடக்கத்தையும் மென்னுச்சா?"

அவர் துணியை மடித்து வைத்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"அந்தப் பாடத்துலேருந்து ரெண்டு கேள்வி வரும், மிஞ்சினா மூணு" என்றார். "அது இல்லாமலே நீ தேறிடுவேன்னு கணக்குப் போட்டேன். மத்ததுல உன்னைத் தேத்திட்டா போதும்னு நினைச்சேன்."

"எப்பலேருந்து தெரியும்?"

"முதல் காப்பி போட்டப்பவே. ரெண்டு வருஷம் ஆச்சு. தாள் நேரா விழுந்திருக்கான்னு பார்ப்பேன்ல, அப்ப கண்ணுல பட்டுச்சு. மெஷினை நிறுத்திட்டுப் படிச்சேன்."

"அதுக்கப்புறமும் என்னைப் பார்த்துக் கும்பிட்டீங்களே, அண்ணே."

"ஒரு மாசம் கும்பிடல. நீ கவனிக்கல."

உண்மைதான், அவள் கவனிக்கவில்லை. கும்பிடு பழகிப்போனவளுக்கு அது நின்றது கண்ணில் படவில்லை.

"கோபம் வரலைன்னு சொன்னா பொய்" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "வந்துச்சு. நீ இந்த வழியா போறப்ப உன் காலையே பார்ப்பேன். எப்படி நடக்கறா பாரு, வெடுக்கு வெடுக்குன்னு. அப்படித்தான் நினைப்பேன். அப்புறம் ஒரு நாள் தானா கை மேல வந்துடுச்சு. யாரையாவது கும்பிட்டாதான் எனக்குப் பொழுது நகருது, தங்கச்சி. ஏணியையா கும்பிட முடியும்?"

முந்திரிக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அது தொண்டைவரை வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் விண்ணப்பப் படிவங்களோடு உள்ளே வந்தாள். ஆறு படிவம், ஒவ்வொன்றும் இரண்டு பக்கம், மூன்று நகல். கடைக்காரர் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. முந்திரி ஓரமாக நின்றாள். அந்தப் பெண் இரண்டு தாள் மங்கலாக இருக்கிறது, மறுபடி எடுங்கள் என்றாள். எடுத்தார். அவள் போன பிறகு கடை மறுபடி அமைதியானது. ஆனால் சொல் அதற்குள் கீழே இறங்கிவிட்டிருந்தது. எந்தக் கதவையும் வண்டி நிற்பதற்கு முன் திறந்தவள் இந்த ஒன்றின் முன் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

கடைக்காரர்தான் பேசினார். மேசையின் கீழிருந்து நான்கு தாள்களை எடுத்து அவள் முன் வைத்தார். நான்கு மாதமாக அவை அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

"பரீட்சைக்கு வேணும்ல. எடுத்துட்டுப் போ."

அவள் எடுத்துக்கொண்டு போனாள். பிறகு பல வருடம் அந்த மதியத்தை அவள் நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண் ஒரு ஐந்து நிமிடம் கழித்து வந்திருக்கலாம் என்று நினைப்பாள். அது சாக்கு என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தக் கடை அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் திறந்துதான் இருந்தது.

தேர்வை எழுதினாள். எழுத்துத் தேர்வில் எண்பத்தாறு. செய்முறைத் தேர்வில் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். அவள் எடுத்த சீட்டில் மூச்சுத் திணறல் நோயாளி என்று இருந்தது. பிசகில்லாமல் செய்தாள். நிலையத்தில் அவளுக்கு மேல் மதிப்பெண் வாங்கியவர் யாரும் இல்லை. ஓட்டுநர் எழுபத்திரண்டில் தேறி, "அக்கா சொன்ன ‘இ’ இல்லைன்னா நான் அவுட்டு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சான்றிதழ்கள் வந்தன. நிலைய அதிகாரியின் மேசையில் ஒரு பதிவேடு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சான்றிதழைக் கையில் வாங்கியவர் பெயர்தான் வண்டிப் பட்டியலில் ஏறும். மற்றவர்கள் அன்றே வாங்கிக்கொண்டார்கள். முந்திரி வாங்கவில்லை. அந்தப் பதிவேட்டை நினைத்தாலே, செருப்பைத் தேடித் தரையைத் தடவிய கால்தான் அவள் கண்ணில் வந்தது. அதிகாரி மூன்று தடவை சொல்லியனுப்பினார். "வாங்கிக்கறேன் சார்" என்றாள் மூன்று தடவையும். கணவர், முழங்கால் தேய்ந்திருக்கும், வெளியே சொல்ல மாட்டாள் என்றார். ஓட்டுநர், கண் பட்டுவிட்டது என்றார். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு நாள் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். முந்திரி அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். இருவரும் முற்றத்தின் நிழலில் இருந்தபடி வெயிலைப் பற்றியும், புது மெஷின் வாங்குவதைப் பற்றியும் பேசினார்கள். போகும்போது அவர் கை கூப்பினார். அவளும் கூப்பினாள்.

வருடக் கடைசி வந்தது. விதி விதிதான். வண்டிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. கிடங்கில் போர்வைகளையும் பஞ்சுச் சுருள்களையும் எண்ணி அடுக்குகிற வேலை அவளுக்கு வந்தது. முதல் நாள் அவள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஓட்டுநர் வாசலில் வந்து நின்றார். கோபமாகத்தான் வந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. எதுவும் தெரியாத காலத்துல பதினாலு வருஷம் வண்டியில இருந்தீங்க. எல்லாம் தெரிஞ்சதுக்கப்புறம் இறங்கிட்டீங்க. ரோட்டுல கிடக்கிறவனுக்கு இது என்ன நியாயம்? இப்ப என் பக்கத்துல உக்காந்து வர்ற ஆளுக்கு உங்களுக்குத் தெரிஞ்சதுல பாதி தெரியாது."

அவர் சொன்னதில் தவறில்லை. முந்திரியும் அதை மறுக்கவில்லை. துடைத்த துணியை வாளியில் பிழிந்தாள்.

"அந்த ஆளை மதியம் இங்க அனுப்பு, தெரியாததைச் சொல்லித் தரேன்" என்றாள்.

"ஏன்னு கேட்டேன்க்கா."

"உன் வண்டியில கையுறை தீர்ந்துபோச்சுன்னு சொன்னியே. எத்தனை டப்பா வேணும்?"

அவர் அலமாரியிலிருந்த டப்பாக்களைப் பார்த்தார். பிறகு மூன்று என்றார். அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு, எழுதிக்கொண்டாள்.